காசிலிங்கத்தின் மண்ணீரல்

"உங்களுக்கு ஒண்ணுமில்ல பெரியவரே. எந்திரிங்க" என்றார் முகாம் டாக்டர்.

காசிலிங்கம் எழுந்திருக்கவில்லை. சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வயிற்றில் பூசிய குளுகுளு பசையோடு அப்படியே கிடந்தார்.

"நல்லாப் பாருங்க சார். இடது பக்கம், விலாவுக்குக் கீழ. மண்ணீரல் வீங்கி இருக்கும்."

"பாத்துட்டேன். மண்ணீரல் மண்ணீரல் மாதிரிதான் இருக்கு."

"அது கொஞ்சம் உள்ள தள்ளி இருக்கும் சார். லேசுல சிக்காது."

"மெஷினுக்கே சிக்காதா? எந்திரிங்கய்யா, பின்னால நாப்பது பேரு நிக்காங்க."

கங்கைகொண்டானில் ஒரு தொழிற்சாலையின் வாசலில் காசிலிங்கத்துக்குக் காவல் வேலை. அன்று சனிக்கிழமை, வேலையாட்களுக்கு இலவச மருத்துவ முகாம். 'ஒண்ணுமில்ல' என்று கேட்டவர்கள் எல்லோரும் டாக்டரைக் கும்பிட்டுவிட்டுச் சிரித்த முகமாகப் போனார்கள். இவர் ஒருத்தர் மட்டும் வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் மாதிரி வெளியே வந்தார்.

நீக்கம்தான், ஒரு வகையில். வருகிற வியாழக்கிழமை பரீட்சை. மண்ணீரல் இல்லாமல் அவர் எந்த முகத்தோடு போய்ப் படுப்பார்?

விவரம் இதுதான். எட்டு வருஷத்துக்கு முன்னால் மலேரியா வந்து, மண்ணீரல் தேங்காய் மாதிரி வீங்கி, ஆற்றுக்கு அக்கரையில் உள்ள ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் காசிலிங்கம் ஒரு மாதம் கிடந்தார். அந்தச் சமயம் அங்கே டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குச் செய்முறைப் பரீட்சை. நோயாளிகளை வரிசையாகக் கட்டிலில் படுக்க வைப்பார்கள். பிள்ளைகள் ஒவ்வொருத்தராக வந்து விசாரித்து, தொட்டுப் பார்த்து, இன்ன நோய் என்று திரைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பேராசிரியரிடம் போய்ச் சொல்ல வேண்டும். ஐந்தாம் கட்டிலில் காசிலிங்கம் படுத்தார். பதினோரு பிள்ளைகள் அவர் மண்ணீரலைத் தடவிப் பார்த்துப் பாசானார்கள்.

அதோடு முடிந்திருக்க வேண்டிய கதை. ஆனால் அடுத்த வருஷமும் அந்த வார்டு ஆயா முத்துராணியிடமிருந்து போன் வந்தது. "அண்ணாச்சி, பரீட்சைக்கு உங்களைத்தான் கூட்டிட்டு வரச் சொல்லுதாரு பெரிய டாக்டரு." அதற்கடுத்த வருஷமும் வந்தது. பேராசிரியர் கோபாலசுப்பிரமணியன் ஒவ்வொரு தடவையும் ஒரே வார்த்தைதான் சொல்வார்: "பசங்க கேட்டா உள்ளத உள்ளபடி சொல்லுங்கோ. நீங்களா எதையும் எடுத்துக் கொடுக்கப்படாது." காசிலிங்கம் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். பிள்ளைகள் அமுக்கி அமுக்கிப் பார்த்து, எதுவும் தட்டுப்படாமல் வேர்த்து விறுவிறுத்து நிற்பதைப் பார்க்கையில் அவருக்கு உள்ளூரப் பெருமை. "எம் மண்ணீரல் அம்புட்டு லேசுல சிக்குமாவே? பழுத்த வியாதில்லா அது" என்று டீக்கடையில் அவர் சொல்லாத நாள் கிடையாது.

டவுணில் தேரடிக்குப் பின்னால் அவர் குடியிருக்கும் சந்தில், ஒருத்தர் தும்மினால் ஏழாவது வீட்டில் ஆவி பிடிக்கத் தண்ணீர் கொதிக்க வைப்பார்கள். அப்பேர்ப்பட்ட சந்தில் இவர் பெயரே 'பரீட்சைக்காரர்'. புதிதாக ஒரு டாக்டர் பலகை மாட்டிவிட்டால் போதும், நின்று வாசித்துவிட்டு, "இந்தப் பய என் வயித்தத் தொட்டுப் படிச்சவந்தான்" என்பார். பாதி பொய். ஆனால் பாதி உண்மைக்கே நல்ல மரியாதை இருந்தது.

பரீட்சைக்குப் போக மரியாதை மட்டும்தான் காரணம் என்று நினைத்தால் அது அவரைச் சரியாகப் பார்க்காதவர்கள் நினைப்பு.

மனைவி சுடலைவடிவு போய் நாலு வருஷம் ஆகிறது. மகள் நித்யா ஓசூரில். ஞாயிற்றுக்கிழமை போன் வரும். "சாப்பிட்டியாப்பா? மாத்திரை போட்டியா? சரிப்பா, வச்சிருதேன்." இரண்டு கேள்வி. பதிலுக்கு இவர் வாய் திறப்பதற்குள் போனில் சத்தம் இருக்காது. வேலைக்குப் போனால் லாரி நம்பரை எழுதி வைக்க வேண்டும். அதற்குப் பேச்சே தேவையில்லை. வீட்டுக்கு வந்தால் டிவியில் செய்தியைப் போட்டுவிட்டு, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு சோறு வடிப்பார். யாரோ பேசுகிற சத்தம் இருந்தால் சரி.

பரீட்சை அன்று அப்படியில்லை. வெள்ளைக் கோட்டு போட்ட பிள்ளை பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரும். கையைப் பிடிக்கும். "ஐயா, ராத்திரி தூக்கம் வருதா? பசிக்குதா? சாப்பாடு இறங்குதா? எப்பமாச்சும் மூச்சு முட்டுதா? வீட்ல யாரெல்லாம் இருக்கா?" ஒரு பிள்ளைக்கு நாற்பது கேள்வி. எட்டுப் பிள்ளைகள் வந்தால் முந்நூற்று இருபது. ஒரு வருஷத்துக்குப் போதும். கையிருப்பாக வைத்துக்கொண்டு செலவழிப்பார்.

அதைத்தான் முகாம் டாக்டர் ஒரே வார்த்தையில் பிடுங்கிவிட்டார்.

சனிக்கிழமை சாயங்காலமே காசிலிங்கம் வைத்தியத்தைத் தொடங்கினார். நோயைப் போக்குகிற வைத்தியம் இல்லை, வரவழைக்கிற வைத்தியம். மலேரியாவால்தானே மண்ணீரல் வீங்கியது? மலேரியா கொசுவால்தானே வந்தது? சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் ஓரத்தில் போய் உட்கார்ந்தார்.

எதிர்வீட்டு நீலாம்பாள் பார்த்துவிட்டாள். அந்தம்மாள் பார்க்காமல் அந்தச் சந்தில் ஒரு எறும்பு கடக்காது.

"என்ன அண்ணாச்சி, பொழுதடைஞ்ச நேரத்துல சட்டையில்லாம இங்கன உக்காந்திருக்கிய? கொசு பிச்சுத் திங்கும்லா?"

"காத்து வாங்குதேன்."

"சாக்கடைக் காத்தா?"

"எந்தக் காத்தா இருந்தா உனக்கென்ன? உள்ள போ, குழம்பு அடிப்பிடிக்குது."

நீலாம்பாள் உள்ளே போனாள். குழம்பைப் பார்க்க இல்லை. மாநகராட்சிக்குப் போன் போட்டு, 'வயசான மனுசரு கொசுக்கடியில செத்துக்கிட்டிருக்காரு, உங்களுக்குக் கண்ணு இல்லையா' என்று ஒரு பிடி பிடித்தாள். ஞாயிறு சாயங்காலம் மாநகராட்சியின் கொசு மருந்து வண்டி வந்து, சந்து, வாய்க்கால், காசிலிங்கம் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் புகை அடித்துவிட்டுப் போனது. கொசு வம்சமே இல்லை. காய்ச்சல் வரவில்லை. முதல் நாள் கடித்த தடிப்புகள் மட்டும் முதுகெங்கும் சிவந்து, சொறிந்து சொறிந்து ரத்தம் வந்தது.

திங்கள்கிழமை, வேறு வழியில்லாமல், நீலாம்பாள் வீட்டுக்கே போனார்.

"உங்கிட்ட ஒரு உதவி. வியாழக்கிழமைக்கு எனக்கு ஒரு வியாதி வேணும்."

இன்னொருத்தியாக இருந்தால் சிரித்திருப்பாள். நீலாம்பாளுக்கு இதைவிட முக்கியமான விஷயத்தை யாரும் அவளிடம் கேட்டதில்லை.

"உக்காருங்க. உங்க மண்ணீரல் என்ன ஆச்சு?"

"சரியாப் போச்சு."

"அட பாவமே!" என்று நெஞ்சில் கை வைத்தாள். "எப்பம்?"

"சனிக்கிழமைதான் தெரிஞ்சுது."

"நல்லாத்தானே வச்சிருந்திய... சரி, மனசத் தேத்திக்கிடுங்க. எங்கிட்ட மூட்டுவலி இருக்கு, தலைசுத்து இருக்கு, நெஞ்செரிச்சல் இருக்கு, விடியக்காலம் வலது கை மரத்துப் போவும். எது வேணும்?"

"லேசா ஒண்ணு போதும்."

"லேசா எதுவும் எங்கிட்டக் கிடையாது அண்ணாச்சி."

"சர்க்கரை?"

"அதக் கேக்காதிய. அது எங்கம்மா வழி வந்தது." கொஞ்சம் யோசித்து, "வேணும்னா நீர்க்கடுப்பு எடுத்துக்கிடுங்க. போன மாசம் வந்து போனது, அப்படியே ஞாபகம் இருக்கு" என்றாள்.

காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். அவர் வாசலைத் தாண்டுவதற்குள் விஷயம் தாண்டிவிட்டது. மறுநாள் டீக்கடையில் ஒருத்தர் பெஞ்சில் இடம் விட்டு, "கேள்விப்பட்டேன் அண்ணாச்சி. எட்டு வருசம் கூடவே இருந்தது. சங்கடமாத்தான் இருக்கும்" என்று துக்கம் விசாரித்தார். காசிலிங்கமும் தலையைக் குனிந்து ஏற்றுக்கொண்டார்.

வியாழக்கிழமை காலையில் கடைசி ஏற்பாடு. வயிறு ஒட்டிக் கிடந்தால் எந்தப் பிள்ளை நம்பும்? டவுணில் கால் கிலோ அல்வா வாங்கிச் சுடச்சுடத் தின்றார். மேலே மூன்று கோலி சோடா. வயிறு தவில் மாதிரி ஆனது. டவுண் பஸ் வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் இவரும் சத்தம் கொடுத்துக்கொண்டே போய்ச் சேர்ந்தார்.

முத்துராணி வாசலிலேயே நின்றாள். "வாங்க அண்ணாச்சி. அஞ்சாம் கட்டில் ரெடி. ஏன் ஒரு மாதிரி நடக்கிய?"

"வியாதி முத்திருச்சு தாயி" என்றார், கொஞ்சம் நம்பிக்கையோடு.

"என்னது?" என்று அவள் முகம் மாறியது. அதற்குள் மணி அடித்துவிட்டார்கள்.

முதலில் வந்தவன் பெருமாள்ராஜ் என்று ஒரு பையன். பனை உயரம், கோழிக்குஞ்சு மாதிரி குரல்.

"ஐயா, உங்களுக்கு என்ன செய்யுது?"

மற்ற வருஷங்களில் இந்தக் கேள்விக்குக் காசிலிங்கம், "ஒண்ணும் செய்யல, நல்லாத்தான் இருக்கேன், அப்பப்ப ஒரு அசதி" என்பார். அதுதான் உள்ளது. இந்தத் தடவை காலண்டர் தாளை மனதுக்குள் புரட்டினார்.

"என்ன செய்யலன்னு கேளுங்க தம்பி. தலை சுத்துது. மூட்டு ரெண்டும் வலி. நெஞ்சு எரியுது. நீர் கடுக்குது. விடியக்காலம் வலது கை மரத்துப் போவுது. இடது வயித்துல கனமா ஒண்ணு கெடக்கு."

பையன் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தான். "எது முதல்ல வந்துது ஐயா?"

"எல்லாம் ஒண்ணாத்தான் வந்துது. திங்கக்கிழமை."

வயிற்றில் கை வைத்தான். ஓர் ஏப்பம். இன்னும் கொஞ்சம் அமுக்கினான். இன்னும் பெரிய ஏப்பம். புரண்டு படுக்கச் சொன்னான். முதுகைப் பார்த்ததும் அவன் கண் விரிந்தது. "இது என்ன தடிப்பு?"

"அதுவும் இருக்கு."

பெருமாள்ராஜ் திரைக்கு அந்தப் பக்கம் போய் என்ன சொன்னானோ, பேராசிரியர் "டெங்குவா?" என்று கத்தியது இந்தப் பக்கம் கேட்டது. அடுத்தவன் சிறுநீரகக் கல் என்றான். அதற்கடுத்த பிள்ளை குடல் புண். ஒருத்தன் தோல் வியாதி. ஒருத்தி மரத்துப்போன கையைப் பிடித்துக்கொண்டு நரம்பு, நரம்பு என்று சொல்லிக்கொண்டே போனாள். ஒவ்வொரு பதிலுக்கும் திரைக்கு அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. காசிலிங்கம் ஒவ்வொன்றையும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். ஒருத்தராவது மண்ணீரல் என்று சொல்லாவிட்டால் பேராசிரியருக்குச் சந்தேகம் வந்துவிடும். வந்தால், அடுத்த வருஷம் முத்துராணி போன் இல்லை.

அவசரத்தில் அவர் இன்னொன்றையும் கவனிக்கவில்லை. இருக்கிற வியாதி எல்லாவற்றையும் தாமே ஒப்பித்துவிட்டதால், இந்தத் தடவை பிள்ளைகளுக்குக் கேட்க எதுவும் இல்லை. சாப்பிட்டீங்களா, தூங்குனீங்களா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அவசர அவசரமாக எழுதினார்கள், ஓடினார்கள். ஏழு பேர் போய்விட்டார்கள். வருஷத்துக்கான கையிருப்பில் ஒரு கேள்வி சேரவில்லை.

எட்டாவதாக வந்த பெண் பெயர் சுப்ரியா. ஒல்லியாக, கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு இருந்தாள். அவர் ஒப்பித்ததை முழுக்கக் கேட்டாள். எழுதவில்லை. ஸ்டூலை இன்னும் கொஞ்சம் கிட்ட இழுத்துப் போட்டாள்.

"அதெல்லாம் இருக்கட்டும் ஐயா. காலைல என்ன சாப்பிட்டேள்?"

காசிலிங்கம் தடுமாறினார். "அல்வா."

"காலங்காத்தால அல்வாவா? யாரு குடுத்தா?"

"நானாத்தான் வாங்கித் தின்னேன்."

"வீட்ல யாரு சமைக்கறா?"

"நாந்தாம்மா. ஒரு நா ஆக்குனா ரெண்டு நாளைக்கு வரும்."

"வீட்டுக்காரம்மா?"

"அவ இல்ல. நாலு வருசமாச்சு."

"நேத்திக்கு யார்ட்டயாவது பேசினேளா? ஏதோ ஒண்ணு, சும்மா?"

காசிலிங்கம் விட்டத்தைப் பார்த்தார். லாரி டிரைவர் ஒருத்தன் 'கேட்டத் திறயும்வே' என்றது ஞாபகம் வந்தது. அதைப் பேச்சில் சேர்க்கலாமா என்று யோசித்தார். சேர்க்கவில்லை.

அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். பைய, அவசரமில்லாமல், கை சுடுகிறதா குளிர்கிறதா என்று முதலில் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு. இடது விலாவுக்குக் கீழே இரண்டு தடவை. பிறகு சட்டையை இறக்கிவிட்டு, பொத்தானையும் போட்டுவிட்டாள்.

"ஐயா, எனக்கு ஒண்ணும் தட்டுப்படல. உங்களுக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லன்னுதான் எனக்குத் தோண்றது. தனியா இருக்கேள். அவ்வளவுதான்."

எட்டு வருஷத்தில், எண்பதுக்கு மேல் பிள்ளைகள் தொட்ட உடம்பு அது. காசிலிங்கத்துக்கு அழுகை வருகிற மாதிரி இருந்ததால் ஓர் ஏப்பம் விட்டுச் சமாளித்தார். மறு நொடியே பயம் பிடித்துக்கொண்டது.

"அப்படிப் போயிச் சொல்லிராத தாயி! பெயிலாயிருவ."

அவள் கண் நிறைந்துவிட்டது. "போன தடவையும் பெயில்தான் ஐயா. மத்த கட்டில் எல்லாம் சுமாராத்தான் பண்ணியிருக்கேன். இந்த ஒண்ணுலதான் இருக்கு. பாபநாசத்துல அப்பா வாசல்லயே உக்காந்திருப்பார். ஆனா எனக்கு நிஜமாவே ஒண்ணும்..."

காசிலிங்கம் திரையைப் பார்த்தார். அந்தப் பக்கம் பேராசிரியரின் செருப்பு மட்டும் தெரிந்தது. எட்டு வருஷம் கட்டிக்காத்த வாயை அன்றுதான் திறந்தார். தனக்காகவும்தான் திறந்தார், அதை மறைப்பதற்கில்லை. ஆனால் தன் கையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்த அந்தப் பிள்ளைக்காக அதைவிடக் கூடுதலாகத் திறந்தார்.

"மண்ணீரல்" என்றார் ரகசியமாக. "வீக்கம். மலேரியாவுல வந்தது. பெரிய டாக்டருக்கு நல்லாத் தெரியும், அவரு எதிர்பாக்கதே அதத்தான்."

"மண்ணீரலா? நான் ரெண்டு தடவை பாத்தேனே..."

"ஆழத்துல கெடக்கும்மா. மூச்ச இழுத்துப் பிடிக்கச் சொல்லு. ம்... இப்பம் கைய உள்ள விடு. இங்கன. இன்னும் கொஞ்சம்."

மூச்சை இழுத்துக்கொண்டு, தம் கட்டி, அல்வாவையும் சோடாவையும் இடது பக்கமாக ஒதுக்கிக் காட்டினார்.

"பட்ட மாதிரிதான் இருக்கு" என்றாள் சுப்ரியா, தன்னையே நம்பாமல்.

"பட்டுருச்சுல்லா? போ. தைரியமாச் சொல்லு."

அவள் எழுந்து, இரண்டு கையையும் கூப்பிவிட்டுத் திரைக்கு அந்தப் பக்கம் போனாள். "மண்ணீரல் வீக்கம், சார்" என்று தெளிவாக, உறுதியாக அவள் சொன்னது கேட்டது. இந்த முறை பெருமூச்சுகூட இல்லை. காசிலிங்கம் கண்ணை மூடிக்கொண்டார். வயிறு வலித்தது. மனசு நிறைந்திருந்தது.

பரீட்சை முடிந்து, சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது, சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் சுப்ரியா தூணில் சாய்ந்து அழுவது தெரிந்தது. சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்து, கையை உயர்த்திக் காட்டினார். அவள் பார்க்கவில்லை.

பேராசிரியர் கோபாலசுப்பிரமணியன் வெளியே வந்தார். ஒவ்வொரு வருஷமும் தோளைத் தட்டி, "உங்கள மாதிரி ஒருத்தர் கிடைக்கறது கஷ்டம் காசிலிங்கம்" என்பவர், இன்றைக்கு அவரைத் தாண்டிப் போய், திரும்பி ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, காரில் ஏறிவிட்டார்.

முத்துராணி பக்கத்தில் வந்து நின்றாள்.

"என்ன தாயி, சாருக்கு உடம்பு சரியில்லையா?"

"அடுத்த வருசம் உங்களைக் கூப்பிட வேண்டாம்னுட்டாரு அண்ணாச்சி. பொம்மை வாங்கி வைக்கப் போறாவளாம். உங்க கட்டில்ல எட்டுப் பிள்ளையளும் பெயிலு."

பொட்டலம் மடியில் அப்படியே இருந்தது. "எட்டுமா? அந்தக் கடைசிப் பிள்ள... அது சரியாச் சொல்லிச்சே? மண்ணீரல்னு நான் என் காதால கேட்டேனே முத்துராணி!"

முத்துராணி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கோபமாக ஆரம்பித்த பார்வை பாதியிலேயே இரக்கமாக மாறிவிட்டது.

"உங்க மண்ணீரல் வத்தி ஏழு வருசமாச்சு அண்ணாச்சி, நல்லா இருக்க மனுசனப் பாத்து 'உமக்கு ஒண்ணுமில்ல'ன்னு சொல்லுததுக்கு எந்தப் பிள்ளைக்குத் தைரியம் இருக்குன்னு பாக்கத்தான் சாரு உங்களை வருசா வருசம் கூப்பிட்டாரு."